திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றம்: சேலத்தில் கிடைக்கும் சேவைகள் பற்றிய மதிப்புரை

திருமணமான ஒரு பெண் சேலத்தில் இருந்துகொண்டு தன் ஆவணங்களில் பெயரை மாற்ற விரும்பினால், அவளுக்கு மூன்று வழிகள் உண்டு. அந்தந்தத் துறையின் இணையதளத்தில் தானே விண்ணப்பிக்கலாம்; வட்டாட்சியர் அலுவலகத்தில் இயங்கும் அரசு இ-சேவை மையத்தை நாடலாம்; அல்லது ஐந்து ரோடு, அஸ்தம்பட்டி, பழைய பேருந்து நிலையம் என்று நகரெங்கும் பெருகியிருக்கும் தனியார் கணினி மையங்களில் ஒன்றில் பணத்தைக் கட்டிவிட்டு, அவர்கள் சொல்லும் இடத்தில் கையெழுத்துப் போடலாம். என் திருமணத்துக்குப் பிறகு இந்த மூன்று வழிகளிலும் நான் சென்று பார்த்திருக்கிறேன். பின்னர் என் தங்கைக்காகவும், ஏற்காட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் சித்தி மகளுக்காகவும் இதே மேசைகளுக்கு மீண்டும் சென்றேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசு மேசைகள் மெதுவானவை என்றாலும் செலவு குறைந்தவை, பெரும்பாலும் நம்பத்தக்கவை. தனியார் மையங்கள் விற்கும் ‘முழுப் பேக்கேஜ்’ பெரும்பாலான பெண்களுக்குத் தேவையற்றது. திருமணப் பதிவுச் சான்றிதழைப் பிழையில்லாமல் வாங்கி வைத்திருப்பவளுக்கு, பெயர் மாற்றத்தை அரசின் இதழில் அச்சிட்டு அறிவிக்கும் அரசிதழ் (கெஜட்) அறிவிக்கை தேவைப்படும் இடங்கள் மிகச் சிலவே.

திருமணமானால் பெயரை மாற்றியாக வேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இதை எந்தக் கணினி மையத்தின் பலகையிலும் எழுதி வைக்க மாட்டார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன். பாஸ்போர்ட்டுக்காகப் பெண்கள் திருமணத்துக்குப் பின் பெயரை மாற்றத் தேவையில்லை என்று பிரதமரே 2017 ஏப்ரலில் பொதுவில் அறிவித்தார். அப்படியிருந்தும், “இப்ப மாத்தலேன்னா பின்னாடி குழந்தைக்குப் பிரச்சினை வரும்மா” என்று சொல்லியே புதுமணப் பெண்களை அச்சுறுத்தும் பேச்சைப் பல இடங்களில் கேட்டுவிட்டேன். குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயருக்கென்று தனி இடம் இருக்கிறது. அங்கே தாயின் ஆவணத்தில் உள்ள பெயர் எழுதப்படும். அந்தப் பெயருக்கு முன்னால் இருப்பது தாத்தாவின் எழுத்தா, தந்தையின் எழுத்தா என்பதனால் குழந்தையின் உரிமை எதுவும் குறைந்துவிடாது.

நம்மிடையே மாறுவது பெரும்பாலும் ஓர் இனிஷியல்தான். பெயரோடு சாதிப் பட்டத்தைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. அடுத்தடுத்த தலைமுறைகளில் பட்டங்கள் பெருமளவு உதிர்ந்துபோக, தந்தை பெயரின் முதல் எழுத்தும் சொந்தப் பெயருமே நம் அடையாளமாக நின்றன. சேலத்தில் வாழும் சௌராஷ்டிரக் குடும்பங்களுக்கும் தெலுங்கு பேசும் குடும்பங்களுக்கும் வீட்டுப் பெயர் என்று ஒன்று கூடுதலாக உண்டு. அவர்களுடைய பெண்களுக்குத் திருமணத்தில் இரண்டு எழுத்துகள் மாறக்கூடும். ஆனால் மத்திய அரசின் படிவங்கள் இந்த வழக்கத்தை அறியாதவை. அவை ‘சர்நேம்’ என்று ஒரு கட்டம் போட்டுவிட்டு நம்மைப் பார்க்கின்றன. அந்தக் கட்டத்தில் நாம் தந்தையின் சொந்தப் பெயரை எழுதுகிறோம். திருமணத்துக்குப் பின் கணவரின் சொந்தப் பெயரை எழுதுகிறோம். பரம்பரையாக வரும் குடும்பப் பெயர் ஒன்று இருப்பதாக எண்ணிக்கொண்டு அமைக்கப்பட்ட சேவைக்குள், அப்படி ஒன்று இல்லாத நாம் நுழைகிறோம். இந்தப் பெயர் மாற்றத்தில் ஏற்படும் குழப்பங்களில் பெரும்பாலானவற்றின் வேர் இதுதான்.

என் தங்கையின் நிலையைச் சொன்னால் இது விளங்கும். எங்கள் தந்தையின் பெயரும் அவளுடைய கணவரின் பெயரும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. ஆதாரில், வங்கிக் கணக்கில், வாக்காளர் அட்டையில் அவள் பெயர் எந்த மாற்றமும் இல்லாமலே மாறிவிட்டதாக உறவினர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் பாஸ்போர்ட்டில் இனிஷியலுக்கு இடமில்லை. அதை முழுப் பெயராக விரித்துத்தான் எழுத வேண்டும். அங்கே அவள் எங்கள் தந்தையின் பெயரோடு இருந்தாள். கணினி மையத்தில் இதைப் பெரிய முரண்பாடு என்று சொல்லி, அரசிதழில் தொடங்க வேண்டும் என்றார்கள். உண்மையில் அங்கே முரண்பாடே இல்லை. அவளுடைய இனிஷியல் எப்போதும் தந்தையின் எழுத்துத்தான். அது கணவரின் எழுத்தாகவும் அமைந்தது தற்செயல். அவள் எதையும் மாற்றவில்லை. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது கணவர் பெயரை அதற்குரிய கட்டத்தில் மட்டும் சேர்த்துக்கொண்டாள். தன் பெயரை மாற்றாமல் கணவர் பெயரைப் பாஸ்போர்ட்டில் சேர்க்க முடியும் என்பதை அவளிடம் அதுவரை எவரும் சொல்லவில்லை.

நான் மாற்றிக்கொண்டேன். கணவரின் பணி துபாயில் என்பதால், குழந்தையோடு பயணம் செய்யும்போது மூவரின் பாஸ்போர்ட்டிலும் ஒரே பெயர் பின்னால் நிற்பது எளிது என்று இருவரும் பேசி முடிவு செய்தோம். சொந்தப் பெயரை மட்டும் எழுதிவிட்டு சர்நேம் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்த பயணிகளுக்குச் சுற்றுலா விசாவில் நுழைவு இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்ததையும் நினைவில் வைத்திருந்தோம். வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றை அந்த அறிவிப்பு கலங்கடித்தது. பெயரை மாற்ற இது போன்ற தெளிவான காரணம் ஒன்று இருந்தால் மாற்றுவதில் தவறில்லை என்பது என் கருத்து. “எல்லோரும் மாற்றுகிறார்கள்” என்பது அந்த வகைக் காரணம் ஆகாது.

முதலில் தனியார் கணினி மையத்தைப் பற்றி. நான் சென்ற மையத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை; அதே போன்ற பேச்சை வேறு மையங்களிலும் கேட்டேன் என்பதால் ஒன்றை மட்டும் சுட்டுவது நியாயமாகாது. உள்ளே நுழைந்ததும் எதற்காக மாற்றுகிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அரசிதழ், நாளிதழ் விளம்பரம், நோட்டரி உறுதிமொழி, ஆதார், பான், பாஸ்போர்ட் என்று எல்லாவற்றையும் ஒரே தொகைக்குள் அடக்கி, அந்தத் தொகையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினார்கள். எது அரசுக் கட்டணம், எது அவர்களுடைய கூலி என்று பிரித்துக் காட்டுமாறு கேட்டபோது பதில் இல்லை. அது மத்திய அரசிதழா, தமிழ்நாடு அரசிதழா என்று கேட்டதற்கும் தெளிவான விடை கிடைக்கவில்லை. நாளிதழ் விளம்பரமும் உறுதிமொழிப் பத்திரமும் டெல்லியில் வெளியாகும் மத்திய அரசிதழின் நடைமுறையைச் சேர்ந்தவை. மாநில அரசிதழுக்கு விண்ணப்பிக்கப் போகிற ஒருவரிடம் அவற்றையும் சேர்த்து விற்பதற்கு முன், ஏன் தேவை என்று விளக்கியிருக்க வேண்டும். தட்டச்சுக்கும் அலைச்சலுக்கும் அவர்கள் கூலி வாங்குவதை நான் குறை சொல்லவில்லை; அந்த உழைப்புக்கு மதிப்பு உண்டு. தேவையில்லாத ஒன்றைத் தேவை என்று சொல்லி, அதற்கும் சேர்த்துக் கூலி கேட்பதைத்தான் குறை சொல்கிறேன். அங்கிருந்து எழுந்து வந்துவிட்டேன்.

அரசிதழ் என்பது என்ன என்பதை அறிந்துகொண்டால் இந்த அச்சம் பாதி தீரும். தமிழ்நாடு அரசிதழை எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை வாரந்தோறும் வெளியிடுகிறது. தனியாரின் பெயர் மாற்ற அறிவிக்கைகள் அதன் ஆறாம் பகுதியில் நான்காம் பிரிவில் அச்சாகின்றன. இன்னாருடைய மகளான அல்லது மனைவியான இன்னார், இன்ன தேதியில் பிறந்து, இன்ன மாவட்டத்தைச் சொந்த மாவட்டமாகக் கொண்டு, இன்ன முகவரியில் வசிப்பவள், இனி இன்ன பெயரால் அழைக்கப்படுவாள் என்று ஒரே வாக்கியத்தில் அந்த அறிவிக்கை அமைகிறது. தமிழிலும் வெளியிடலாம், ஆங்கிலத்திலும் வெளியிடலாம். அதற்கான படிவத்தில் அ அல்லது ஆ பிரிவு அலுவலர் ஒருவரின் சான்றொப்பம் வேண்டும். பச்சை மைக் கையெழுத்துக்காக அறிமுகமான அரசு மருத்துவரையோ தலைமை ஆசிரியரையோ தேடிச் செல்வது இந்த வேலையின் மிகக் கடினமான பகுதி என்று பலரும் சொல்வார்கள்.

அந்த ஒரே வாக்கியத்துக்குள் பெண்ணின் பிறந்த தேதியும் வீட்டு முகவரியும் பொதுவில் அச்சாகின்றன என்பதைப் பெண்கள் கவனிக்க வேண்டும். அரசிதழ் யாரும் படிக்கக்கூடிய ஆவணம். துறையின் இணையதளத்தில் அதன் இதழ்கள் கிடைக்கின்றன. ஒரு பெண்ணின் பழைய பெயரும் புதிய பெயரும் பிறந்த நாளும் கதவு எண்ணும் ஒன்றாக ஓரிடத்தில் கிடைப்பது, தன் இருப்பிடம் சிலருக்குத் தெரியக் கூடாது என்று நினைக்கும் பெண்ணுக்கு ஆபத்தானது. அரசிதழ் மெய்யாகவே தேவைப்படும் பெண்கள் உண்டு. சொந்தப் பெயரின் எழுத்தையே அல்லது பெயரையே மாற்றுகிறவர்கள், பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்களில் உள்ள பெயரைப் புதிய பெயரோடு காலமெல்லாம் இணைத்துக் காட்ட வேண்டிய அரசுப் பணியாளர்கள் ஆகியோர் அதை வாங்கத்தான் வேண்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் அச்சான பெயர் திருமணத்தால் திருத்தப்படுவதில்லை. அதற்கும் இன்றைய பெயருக்கும் நடுவே அரசிதழ் ஒரு பாலமாக நிற்கும். இனிஷியலை மட்டும் மாற்றிக்கொள்ளும் இல்லத்தரசிக்கும் தனியார் ஊழியருக்கும் அந்தப் பாலத்தின் வேலையைத் திருமணச் சான்றிதழே செய்துவிடுகிறது.

எனவே இந்தச் சேவைகளில் முதலிடம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009இன்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தாக வேண்டும். திருமணம் நடந்த 90 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணம் 100 ரூபாய். அதன் பிறகு மேலும் 60 நாட்கள் அவகாசம் உண்டு, அப்போது 150 ரூபாய். பதிவுத்துறையின் இணையதளத்தில் விவரங்களை நாமே நிரப்பிவிட்டு, குறித்த நாளில் சாட்சிகளோடு அலுவலகத்துக்குச் செல்லலாம். இணையதளத்தில் நிரப்பும்போதே தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர்களை எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். சான்றிதழ் கைக்கு வந்த பின் திருத்துவது பெரும்பாடு. நான் சென்ற அலுவலகத்தில் கூட்டம் மிகுதியாக இருந்தது; நில ஆவணங்களைப் பதிய வந்தவர்களுக்கு நடுவே திருமண மாலை இன்னும் வாடாத புதுமணத் தம்பதிகள் நின்றுகொண்டிருந்தார்கள், உட்கார இடமில்லை. ஆனால் எங்கள் முறை வந்தபோது அங்கிருந்த பெண் ஊழியர் ஒவ்வொரு பெயரையும் உரக்கப் படித்து, சரியா என்று கேட்டு, நாங்கள் தலையசைத்த பிறகே அடுத்த வரிக்குச் சென்றார். எந்தக் கணினி மையத்திலும் எனக்குக் கிடைக்காத கவனம் அது.

அந்தச் சான்றிதழில் ஒரு குறை இருக்கிறது. அதில் மணமகளின் பெயர், திருமணத்துக்கு முன் இருந்தபடி தந்தையின் இனிஷியலோடு இருக்கும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடந்தது என்பதை அது உறுதி செய்கிறது. இனி இந்தப் பெண் எந்தப் பெயரால் அறியப்படுவாள் என்பதை அது சொல்வதில்லை. கயல்விழி என்று ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். மு. கயல்விழிக்கும் செந்தில்குமாருக்கும் திருமணம் நடந்ததாகச் சான்றிதழ் கூறும்; அவள் செ. கயல்விழி என்றோ கயல்விழி செந்தில்குமார் என்றோ ஆகிவிட்டாள் என்று அது எங்கும் கூறாது. எதிரில் இருக்கும் அலுவலர் அதை ஊகித்துக்கொள்ள வேண்டும். நல்ல அலுவலர் ஊகித்துக்கொள்கிறார். மற்றவர் “கெஜட் கொண்டு வாங்க” என்று திருப்பி அனுப்புகிறார்.

எனக்கு இது ஒரு வங்கிக் கிளையில் நடந்தது. எந்த வங்கி, எந்தக் கிளை என்பது இங்கே முக்கியமில்லை. திருமணச் சான்றிதழையும் பழைய அடையாள அட்டையையும் வைத்தபோது, அரசிதழ் இல்லாமல் கணக்கில் பெயரை மாற்ற முடியாது என்று சொன்னார்கள். வாடிக்கையாளரை அறிந்துகொள்வது குறித்து இந்திய ரிசர்வ் வங்கி 2016இல் வெளியிட்டு 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த முதன்மை வழிகாட்டுதல், அடையாள ஆவணம் வழங்கப்பட்ட பின் பெயர் மாறியிருந்தாலும், மாநில அரசு வழங்கிய திருமணச் சான்றிதழோ அரசிதழ் அறிவிக்கையோ அந்த மாற்றத்துக்குத் துணையாக இருந்தால் அந்த ஆவணத்தை ஏற்கலாம் என்று கூறியது. இரண்டில் ஒன்று போதும் என்பதே அதன் பொருள். அந்தப் பகுதியை அச்சிட்டு எடுத்துச் சென்று கிளை மேலாளரிடம் பணிவாகக் காட்டினேன். அவர் படித்துவிட்டுப் படிவத்தை ஏற்றுக்கொண்டார். மேலாளரின் நடத்தையில் எனக்குக் குறையில்லை. முன்மேசையில் இருப்பவருக்கு அந்த வழிகாட்டுதலைச் சொல்லிக் கொடுக்காதது வங்கியின் குறை. வங்கிக்குச் செல்லும் பெண்கள் இது குறித்த நடப்பு வழிகாட்டுதலின் அச்சுப் பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஆதார் மையத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் அங்கே செய்யும் பிழைக்கு மாற்று குறைவு. ஆதாரில் ஒருவர் தன் பெயரை வாழ்நாளில் இரண்டு முறை மட்டுமே மாற்றலாம். பள்ளிப் பருவத்தில் எழுத்துப் பிழையைத் திருத்தியதும் அந்தக் கணக்கில் சேரும். அப்படி ஒரு வாய்ப்பை ஏற்கெனவே பயன்படுத்திவிட்ட பெண், திருமணத்துக்காக இரண்டாவதையும் செலவிட்டால், பின்னாளில் எந்தக் காரணத்துக்காகப் பழைய பெயருக்குத் திரும்ப விரும்பினாலும் வழக்கமான வழி அடைபட்டிருக்கும். கணவரை இழந்தவர்களும் பிரிந்தவர்களும் இந்தச் சுவரில் மோதுகிறார்கள். புதுமணப் பெண்ணிடம் இதைப் பேசுவது அபசகுனம் என்று வீட்டில் வாயை அடைத்துவிடுவார்கள். ஆனாலும் மையத்தில் இருப்பவராவது, இது எத்தனையாவது மாற்றம் என்று சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும்.

நான் சென்றது வட்டாட்சியர் அலுவலக வளாகத்தில், தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் நடத்தும் மையம். டோக்கன் முறை ஒழுங்காக நடந்தது. பெயர், முகவரி போன்ற விவரங்களைத் திருத்துவதற்கு 2025 அக்டோபர் முதல் கட்டணம் 75 ரூபாய். அதற்கு மேல் ஒரு ரூபாயும் கேட்கவில்லை, ரசீதும் தந்தார்கள். ஆங்கிலத்தில் பெயரைத் தட்டியதும் தமிழில் அதுவே எழுதிக்கொள்ளும். கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் அது. ழகரம் லகரமாவதும், ணகரம் னகரமாவதும் அங்கேதான். ஆங்கில இனிஷியலைத் தமிழில் ‘எஸ்’ என்று எழுதுவதா, பெயரின் முதல் எழுத்தான ‘செ’ என்று எழுதுவதா என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். அரசு ஆவணங்களில் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் ஆணையிட்டது. அந்த ஆணையின் நோக்கம் எனக்கு மிகவும் உவப்பானது. ஆதார் மையத்தில் கேட்டுத்தான் அதைப் பெற வேண்டியிருக்கிறது. இறுதியாகக் கையெழுத்து வாங்கும் முன் அச்சிட்டுத் தரும் தாளை, எவ்வளவு கூட்டம் பின்னால் நின்றாலும், உட்கார்ந்து படித்துவிட்டே கையெழுத்திட வேண்டும்.

பான் அட்டை இவற்றுள் மிக எளியது. நான் விண்ணப்பித்தபோது இருந்த ஆவணப் பட்டியலில், திருமணத்தால் பெயர் மாறும் பெண்களுக்குத் திருமணச் சான்றிதழுக்கு மாற்றாகத் திருமண அழைப்பிதழையும் ஏற்பதாக இருந்தது. பான் அட்டையில் தந்தை பெயர் என்ற இடத்தில், திருமணமான பெண்ணும் தந்தையின் பெயரைத்தான் எழுத வேண்டும். கணவர் பெயரை எழுதக் கூடாது. இந்த விதியை அறியாமல் கணவர் பெயரை நிரப்பித் தந்த ஒரு கணினி மையத்தால் என் தோழி ஒருத்தி திருத்தத்துக்கு மீண்டும் பணம் கட்ட நேர்ந்தது. வாக்காளர் அட்டைக்குப் படிவம் 8 போதும், கட்டணம் கிடையாது. ரேஷன் அட்டையில் தந்தை வீட்டில் பெயரை நீக்கிக் கணவர் வீட்டில் சேர்ப்பதும் இணையத்தில் நடக்கிறது. அதற்கும் பெயர் மாற்றத்துக்கும் தொடர்பே இல்லை, பழைய பெயரோடே சேர்க்கலாம்.

பாஸ்போர்ட் சேவையைப் பாராட்ட வேண்டும். சேலத்திலேயே அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவை மையம் வந்த பின் இதற்காகக் கோயம்புத்தூருக்கு ஓட வேண்டிய நிலை போய்விட்டது. பெயர் மாற்றம் என்பது மறுவழங்கல் விண்ணப்பத்துக்குள் அடங்கும். 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2,000 ரூபாய். திருமணச் சான்றிதழையும் பழைய பாஸ்போர்ட்டையும் பார்த்துவிட்டு, அரசிதழைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் விண்ணப்பத்தை ஏற்றார்கள். சர்நேம் கட்டத்தில் கணவரின் சொந்தப் பெயர் வருவதை அங்கிருந்த அலுவலர் இயல்பாக எடுத்துக்கொண்டார். நம் ஊர் வழக்கத்தை அறிந்தவர் மேசையில் இருப்பதன் பயன் அது.

ஏற்காட்டின் நிலை வேறு. அது தனி வட்டம் என்பதால் வட்டாட்சியர் அலுவலகம் மலையிலேயே இருக்கிறது. ஆயினும் மழைக்காலத்தில் மின்சாரமோ இணையமோ நின்றுவிட்டால் ஒரு விவரத்தைத் திருத்துவதற்காக இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்க வேண்டியிருக்கிறது. காப்பித் தோட்டத்தில் நாட்கூலிக்குச் செல்லும் பெண்ணுக்கு அது ஒரு நாள் வருமானம். என் சித்தி மகளுக்குப் புகுந்த வீட்டில் கேட்டதெல்லாம், ஆதாரில் அவர்கள் முகவரியும் கணவர் பெயரும் இருக்க வேண்டும் என்பதுதான். அதற்குப் பெயரை மாற்றவே தேவையில்லை. ஆதார் முகவரியில் ‘பொறுப்பு’ (C/O) என்ற இடத்தில் கணவர் பெயரைச் சேர்க்கலாம். குடும்பத் தலைவரின் ஒப்புதலோடு முகவரியை இணையத்திலேயே மாற்றும் வசதி 2023 முதல் இருக்கிறது. அவளுடைய பெயர் மாற்ற வாய்ப்பில் ஒன்றும் குறையவில்லை, மலையிலிருந்து இறங்கவும் இல்லை, புகுந்த வீட்டாரின் மனமும் நிறைந்தது.

சேர்வராயன் மலையில் வாழும் பழங்குடிப் பெண்கள் இதில் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். சாதிச் சான்றிதழ் பிறப்பை அடிப்படையாகக் கொண்டது, திருமணத்தால் மாறாது. அதில் தந்தையின் பெயர் இருக்கும். ஆதாரில் கணவரின் பெயரோடும் சாதிச் சான்றிதழில் தந்தையின் பெயரோடும் ஒரு பெண் அரசுப் பணித் தேர்வுக்கு விண்ணப்பித்தால், இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்கும் சுமை அவள் தலையில் விழுகிறது. படித்து வேலைக்கு முயன்றுகொண்டிருக்கும் பெண், அந்த முயற்சி முடியும்வரையாவது பெயரில் கை வைக்காமல் இருப்பது நல்லது. எந்தக் கணினி மையமும் இதைக் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குவதை நான் பார்க்கவில்லை; கேட்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

இந்த அலைச்சலில் பெரும்பகுதியை ஒரே ஒரு மாற்றத்தால் தவிர்க்க முடியும். திருமணப் பதிவு விண்ணப்பத்தில், மணமக்கள் இருவருக்கும், ‘திருமணத்துக்குப் பின் பயன்படுத்த விரும்பும் பெயர்’ என்று ஒரு கட்டம் சேர்க்கப்பட வேண்டும். மாற்ற விரும்பாதவர்கள் பழைய பெயரையே எழுதுவார்கள். அதுவும் ஒரு முடிவாகப் பதிவாகும். விரும்புகிறவர்களின் புதிய பெயர், இனிஷியலோடும் விரித்த வடிவத்தோடும், தமிழிலும் ஆங்கிலத்திலும், சான்றிதழிலேயே அச்சாகிவிடும். வங்கி மேசையில் ஊகிப்பதற்கு எதுவும் மிஞ்சாது. “கெஜட் கொண்டு வாங்க” என்று திருப்பி அனுப்பவும் முடியாது. பெண்ணின் வீட்டு முகவரி அரசிதழில் ஏறவும் வேண்டியதில்லை. பதிவுத்துறைத் தலைவருக்கு இதை ஒரு மனுவாக எழுதி, மேலே சொன்ன ரிசர்வ் வங்கி வழிகாட்டுதலின் பகுதியையும் இணைத்து அனுப்பியிருக்கிறேன். இதே கோரிக்கை உள்ளவர்கள் தங்கள் சார்பதிவாளர் அலுவலகத்தின் வழியாகவும் அனுப்பலாம்.